பதினான்கு சதவீதம்

அழுத்தி மிதித்தால் ஒன்றுமில்லை என்றாள் ஜிவிலே.
லாரியை முந்தும்போது சீறிக்கொண்டுதான் போகிறது.
மெல்ல மிதிக்கையில்தான்,
மூன்றாம் கியரில், ஏரியை ஒட்டிய வளைவில்,
சொல்ல வந்ததை விழுங்குகிறவன் மாதிரி
ஒரு நொடி நிற்கிறது. பிறகு போகிறது.
தினமுமா?
தினமும் இல்லை.
மழையிலா?
மழையிலும்.

செத்த வண்டியை விசாரிப்பது சுலபம்.
இது என் பட்டறை வாசலைக் கண்டதும்
நல்ல பிள்ளையாகிவிடுகிற வண்டி.

டீசல் ஃபில்டரை மாற்றினேன்.
பழையதை அறுத்துப் பார்த்தால்
கொஞ்சம் கறை, அவ்வளவுதான்.
உள்ளே போவது வெளியே தெரிகிற குழாய் ஒன்றை மாட்டி
காற்று வருகிறதா என்று குத்தவைத்துக் காத்திருந்தேன்.
வந்தது ஒரே ஒரு குமிழி,
கடுகை விடச் சிறியது.
ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.
குழாய் மாட்டும்போது நானே நுழைத்த காற்று அது.

இ.ஜி.ஆர். வால்வுக்குள் அடுப்புக்கரி.
சுரண்டியது நகக்கண்ணில் இன்னும் இருக்கிறது.
நான்கு இன்ஜெக்டருக்கும் நான்கு சீசா கட்டித் தொங்கவிட்டேன்;
நான்கிலும் ஒரே மட்டம்.
கூடப்பிறந்தவர்கள்கூட
அத்தனை ஒழுங்காகப் பாகம் பிரித்ததில்லை.

ஜிவிலே போன் செய்தாள்.
எங்கோ பின்னால் ஒரு மாடு கத்தியது.
சரியாகிவிட்டதா?
கிட்டத்தட்ட, என்றேன்.
எங்கள் தொழிலின் மூத்த பொய் அந்தச் சொல்.

வியாழக்கிழமை வைதோதஸை ஓட்டச் சொல்லி
லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஸராசையில் நவம்பர்.
ஏரி உறைவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.
மெதுவா, இன்னும் மெதுவா, என்றேன்.
எங்களை ஒரு டிராக்டர் முந்திப் போனது.
அந்தக் கிழவர் கையசைத்தார்.
நான்காவது சுற்றில், வளைவில், அது திக்கியது.
திரையில் பார்த்தேன்:
பன்னிரண்டு, பதிமூன்று, பதினான்கு,
பூஜ்ஜியம்,
பதினான்கு.

எஞ்சின் ஒரு தப்பும் செய்யவில்லை.
காலை எடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது,
நம்பியது.
பெடலில் சென்சார் தடங்கள் இரண்டு.
அதில் ஒன்று பொய் சொல்லியிருக்கிறது,
பிழை என்று பதிவாகும் அளவுக்குக்கூட
நீளமில்லாத பொய்.

பெடலைக் கழற்றிப் பிரித்தேன்.
பென்சிலால் தீற்றியதுபோல் கரித்தடம்.
ஆரம்பத்தில் கறுப்பு, முடிவில் கறுப்பு,
நடுவில் அல்ல, நடுவுக்கு வெகு முன்னால்,
ஓரிடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.
நகத்தால் தொட்டால் பள்ளம் தெரிந்தது.

இது ஜிவிலேயின் கால் இல்லை.
அவள் மாட்டு வைத்தியர்.
கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது என்று கூப்பிடுகிற வீட்டுக்கு
யார் பதினான்கு சதவீதத்தில் போவார்கள்?
வண்டி அவள் கைக்கு வந்ததே மே மாதம்.
அதற்கு முன் பெல்ஜியத்தில் எட்டு வருடம், ஒரே ஆள்.
மீட்டரில் ஒரு லட்சத்து எண்பதாயிரம்
(அதை விற்றவன்தான் நம்ப வேண்டும்).

பின்சீட்டில் குழந்தை தூங்கியிருக்கும் என்றான் வைதோதஸ்.
எட்டு வருஷமாகவா?
முட்டை வியாபாரியாக இருக்கலாம் என்றேன் நான்.
ஜிவிலே தடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
மாட்டின் கண்ணைப் பார்ப்பதுபோல.
போக இஷ்டமில்லாத இடத்துக்கு
தினமும் போன ஆள், என்றாள்.
அப்புறம் விலை கேட்டாள்.

அறுபத்துநான்கு யூரோ, வேலைக்கு இருபது.
மூன்று நாள் தேடியதற்குக் கேட்கவில்லை.
எப்படிக் கேட்பது?
சரளைக் கல் தெறிக்கக் கிளம்பிப் போனாள்.
ஏரி வளைவு வரை காது கொடுத்து நின்றேன்.
திக்கவில்லை.

பழைய பெடலை இரும்புக் கூடையில் போட்டேன்.
அது பிளாஸ்டிக் என்று எடுத்து
வைதோதஸ் வேறு கூடையில் போட்டான்.